கரையாத கட்டி

கொடைக்கானல் ஏரிக்கு மேலே ஏற்றத்தில் இருந்த திருமலைச்சாமியின் லாட்ஜில், குழாயைத் திறந்தால் என்ன வரும் என்று முதலாளிக்கே தெரியாது. நேரம் நன்றாக இருந்தால் தண்ணீர் வரும். இல்லாவிட்டால் முதலில் ஒரு செருமல், அப்புறம் காற்று, அப்புறம் செம்மண்ணைக் கரைத்த மாதிரி ஒரு சிவப்பு. ஐம்பத்தெட்டாம் வருஷத்து சீசனில் மதராஸிலிருந்து வந்து தங்கியிருந்த ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர், தலை நிறைய சோப்பு நுரையோடு குழாயைத் திறந்து அந்தச் சிவப்பை வாங்கிக்கொண்டு, இடுப்புத் துண்டோடு முற்றத்துக்கு ஓடிவந்து, மண்டை உடைந்துவிட்டது, டாக்டரைக் கூப்பிடுங்கள் என்று கத்தினார். மண்டை முழுசாக இருக்கிறது என்று அவரை நம்ப வைக்க லாட்ஜில் இருந்த அத்தனை பேரும் தேவைப்பட்டார்கள். நம்பிய பிறகு அவர் கத்தியதுதான் இன்னும் அதிகம்.

குற்றவாளி, பின்கட்டில் கல் தூண்களின் மேல் உட்கார்ந்திருந்த பெரிய இரும்புத் தொட்டி. மலைத் தண்ணீர் குடிக்க நன்றாகத்தான் இருக்கும், இரும்புக்குத்தான் ஆகாது. திருமலைச்சாமியும் சும்மா இருந்தவரில்லை. ஒரு வருஷம் உள்ளே சிமெண்ட் பூசிப் பார்த்தார், பொருக்காகக் கழன்று விழுந்தது. மறு வருஷம் தார் பூசினார். அந்த சீசன் முழுக்க லாட்ஜில் குடித்த காபி புதிதாகப் போட்ட ரோடு மாதிரி மணத்தது. கடைசியில் தொட்டியையே மாற்றிப் புதுசாக ஒன்று வைத்தார். அதுவும் இரண்டே சீசனில் சிவப்பாகத் துப்ப ஆரம்பித்ததும், மதுரையில் தொட்டியும் கொதிகலனும் செய்கிற ஒரு கம்பெனிக்குச் சொல்லியனுப்பினார். அவர்கள் குமாரவேலை அனுப்பினார்கள்.

குமாரவேல் பண்ணைக்காட்டு வாழைத் தோட்டத்துக்காரர் வீட்டுப் பையன், இன்ஜினீயருக்குப் படித்தவன். ஆள் கண்ணுக்கு லட்சணம், வேலையில் கெட்டி. ஒரே ஒரு குறை, உண்மை என்று ஒன்று தெரிந்துவிட்டால் அது அவன் வயிற்றில் தங்காது. புது மூக்குத்தி எப்படி இருக்கிறது என்று ஒரு பெண் கேட்டால், இதில் பித்தளை கலந்திருக்கிறான் என்று சொல்லக்கூடிய ரகம். இப்படிப்பட்டவர்களை எல்லாரும் புகழ்வார்கள், யாரும் வீட்டுக்குக் கூப்பிடமாட்டார்கள்.

அவன் கொண்டுவந்தது ஒரு மக்னீசியக் கட்டி. செங்கல் நீளத்தைவிடக் கொஞ்சம் கூடுதல், சாம்பல் நிறம், தூக்கினால் கனமே இல்லை. அதை ஒரு கம்பியில் கோத்துத் தொட்டிக்குள் தண்ணீரில் தொங்கவிட்டு, கம்பியின் மறுமுனையைத் தொட்டியின் இரும்போடு சேர்த்து முறுக்கினான். அவ்வளவுதான் வேலை. ஏணிக்குக் கீழே நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தவள் திருமலைச்சாமியின் ஒரே மகள் தமயந்தி. அம்மா இல்லாத வீட்டில் லாட்ஜின் சாவிக்கொத்தும் வாயும் அவளிடம்தான் இருந்தன.

“இந்தக் கட்டி என்னங்க செய்யும்?” என்று கேட்டாள்.

“துருவுக்குப் பசி. அது எதையாவது திண்ணே தீரும். இரும்பைவிட ருசியான தீனி ஒண்ணைப் பக்கத்துல தொங்கவிட்டு, ரெண்டையும் கம்பியால சேத்துட்டா, அது இதைத் திங்கும், இரும்பை விட்டுரும். கட்டி கரையக் கரைய தொட்டி பொழைச்சுக் கெடக்குன்னு அர்த்தம்.”

“கரைஞ்சு தீந்துட்டா?”

“வேற கட்டி மாட்டணும். நான் வருவேன்.”

“கரையவே இல்லைன்னா?”

“அப்ப அது சோலி பாக்கலைன்னு அர்த்தம். அப்பவும் நான் வருவேன்.”

தமயந்தி சிரித்துவிட்டாள். அவன் அதற்கப்புறம் ஏணியிலிருந்து இறங்கிய விதத்தை நான் சொல்லப் போவதில்லை. கடைசி இரண்டு படியும் அவன் காலுக்கு அகப்படவில்லை என்று மட்டும் தெரிந்துகொண்டால் போதும்.

இதே விளக்கத்தை அவன் திருமலைச்சாமிக்கும் சொன்னான். ஆனால் மகளிடம் பசியில் ஆரம்பித்தவன், அப்பாவிடம் மின்சாரத்தில் ஆரம்பித்தான். அவர் கொஞ்ச நேரத்திலேயே கண்ணைத் திறந்துகொண்டு தூங்கிப்போனார். முடிவில் அவர் மண்டையில் நின்றது ஒன்றுதான், கட்டி தொட்டிக்குக் காவல். வீட்டு வாசலில் பூசணிக்காய் தொங்குகிற மாதிரி என்று வைத்துக்கொண்டார்.

கட்டி மாட்டி முடிந்த பிறகும் குமாரவேல் பஸ்ஸைப் பிடித்து மதுரையிலிருந்து வந்துகொண்டே இருந்தான். அப்புறம் அவன் வீட்டிலிருந்து பெண் கேட்டும் வந்துவிட்டார்கள். சேதி மலை இறங்கி ஒட்டன்சத்திரம் போய்ச் சேர்ந்தது. மறுநாளே திருமலைச்சாமியின் அக்கா பாப்பம்மாள் காய்கறி ஏற்ற வந்த லாரியில் முன்சீட்டில் உட்கார்ந்து மலை ஏறிவிட்டாள்.

பாப்பம்மாள் புருஷன் போன பிறகு ஒட்டன்சத்திரத்தில் கமிஷன் மண்டியைத் தானே நடத்துகிறவள். மலைமேல் கவுஞ்சியிலிருந்து வரும் முட்டைக்கோஸ் மூட்டையைப் பிரிக்காமலே, அடியில் எத்தனை அழுகல் என்று சொல்லிவிடுவாள். அவளுக்கு சேனாதிபதி என்று ஒரு மகன். தமயந்திக்கு அத்தை மகன், முறை மாப்பிள்ளை. இந்தக் கல்யாணம் தமயந்தி தொட்டிலில் கிடந்தபோதே முடிவானது என்பது பாப்பம்மாளின் கணக்கு.

“ஏலே திருமலை, முறைப்பையன் இருக்கையில அசலுக்கா பொண்ணு குடுக்கப் போறே?”

திருமலைச்சாமி வானத்தைப் பார்த்தார், ஏரியைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார். ஊரையே அதட்டுகிற மனுஷனுக்கு அக்கா முன்னால் மட்டும் வாய் எழும்பாது. வேண்டாம் என்ற சொல்லை அவர் அவளிடம் பிறந்ததிலிருந்து சொன்னதில்லை.

“இல்லக்கா... பையன் கெட்டிக்காரன்னு...”

“என்னத்த கெட்டிக்காரன்? ஒரு கட்டியத் தொங்கவிட்டதுக்கா? சரி, பாத்துருவோம். அடுத்த சீசனுக்கு முன்னால தொட்டியத் தொறப்போம். அவன் வச்ச சாமான் நின்னா பொண்ணு அவனுக்கு. நிக்கலைன்னா எம்மவனுக்கு. அதுவரைக்கும் அவன் தொட்டிப் பக்கம் போகப்படாது. வந்து வந்து ஒட்டுப்போட்டுட்டு நின்னுச்சுன்னு சொன்னா?”

சொன்னதோடு விடவில்லை. தொட்டியின் மூடிக்கு மண்டிப் பூட்டு ஒன்றைப் போட்டுப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். குமாரவேலிடம் கேட்டபோது அவன் சந்தோஷமாகச் சம்மதித்தான், கட்டி வேலை செய்யும் என்று அவனுக்குத் தெரியும். தமயந்தியை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும். தன்னை ஒரு தண்ணீர்த் தொட்டியின் மேல் பந்தயம் கட்டிவிட்டு அப்பா பேசாமல் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தது அவளுக்கு ஆறவே இல்லை. அன்றிலிருந்து அவருக்குக் காபியில் சர்க்கரை குறைந்தது.

மழைக்காலத்தில் லாட்ஜ் காலியாகக் கிடந்தது. குமாரவேல் மட்டும் விடுமுறைக்கு விடுமுறை வந்து, தொட்டிப் பக்கம் திரும்பாமல், முன்வராந்தாவில் உட்கார்ந்து திருமலைச்சாமியிடம் உண்மைகளைச் சொன்னான். காபியில் சிக்கரி அதிகம் என்றான். ஐந்தாம் நம்பர் அறையின் கூரை சரிகிறது என்றான். அவர் சொல்லும் வேட்டைக் கதையில் போன தடவை புலி, இந்தத் தடவை சிறுத்தை என்றான். திருமலைச்சாமிக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு பஸ் தாமதமானால் வாசலுக்கும் வராந்தாவுக்குமாக நடக்க ஆரம்பித்தார். அவன் பேச்சுவாக்கில் “மாமா” என்று ஒருநாள் கூப்பிட்டபோது, திருத்த வேண்டும் என்று அவருக்குத் தோன்றவேயில்லை.

புரட்டாசி முடிவில் ஆயுத பூஜை வந்தது. தமயந்தியை நவராத்திரிக்கென்று அத்தை ஒட்டன்சத்திரம் அழைத்துப் போயிருந்தாள், மருமகளை முன்கூட்டியே பழக்கிக்கொள்கிற யோசனை. லாட்ஜில் திருமலைச்சாமியும் எடுபிடி வேலையெல்லாம் பார்க்கும் பொன்னுவேலும்தான். கடப்பாரை, மண்வெட்டி, பைப் ரெஞ்சு, பூரிக்கட்டை, வாசல் மணி எல்லாம் கழுவித் துடைத்து, பெயிண்ட் உரிந்ததற்குப் பெயிண்ட் அடித்து, சந்தனம் குங்குமம் வைத்தாயிற்று. உழைக்கிற எந்தச் சாமானுக்கும் அன்றைக்குப் பொட்டு வைக்காமல் விடக்கூடாது என்பதில் திருமலைச்சாமி கறார்.

பொன்னுவேல்தான் ஞாபகப்படுத்தினான். “மொதலாளி, தொட்டிக்குள்ள ஒண்ணு கெடக்கே. ராப்பகலா காவல் காக்குது. அதை விட்டுட்டா?”

“பூட்டிக் கெடக்கேடா.”

“பூட்டு இங்கிட்டு. கீல் அங்கிட்டு.”

திருமலைச்சாமி கொஞ்சம் யோசித்தார். அக்கா போட்டது பூட்டு. கீலைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. சாமி காரியம் வேறு. பொன்னுவேல் ஏணியைப் பிடித்துக்கொள்ள, அந்தக் கனத்த மனுஷன் தானே மேலேறி, கீலின் திருகாணிகளைக் கழற்றி, மூடியைப் பின்பக்கமாகத் தூக்கிக் கட்டியை வெளியே எடுத்தார். எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

கட்டி கரையான் அரித்த விட்டம் மாதிரி இருந்தது. மேலெல்லாம் குழி, வெள்ளை வெள்ளையாகப் பொருக்கு, ஒரு ஓரம் இல்லவே இல்லை.

“போச்சுலே பொன்னுவேலு. காவலுக்கு வச்ச ஆளையே இப்படித் திண்ணு வச்சிருக்கு. எங்கக்கா இதைப் பாத்தா பையன் பாடு அவ்வளவுதேன்.”

தொட்டியைப் பற்றி அவர் அப்போது நினைக்கவே இல்லை. அந்தப் பையன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு பஸ் ஏறுவதையும், அதைத் தமயந்தி ஜன்னலில் நின்று பார்ப்பதையும்தான் நினைத்தார். அப்புறம் அவர் பார்வை, கேட்டுக்கு அடிப்பதற்காக முத்து முகம்மது கடையில் வாங்கிவந்த சில்வர் பெயிண்ட் டப்பாவின் மேல் போய் விழுந்தது.

இரண்டு பேருமாக உட்கார்ந்து கட்டியைக் காயவைத்தார்கள். தச்சர்கள் மரத்தின் ஓட்டையை அடைக்கிற மாதிரி குழிகளில் பட்டி வைத்து அடைத்தார்கள். போன ஓரத்தையும் பட்டியாலேயே பிடித்து உருவாக்கினார்கள். அடுப்படியில் உலர்த்தி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மேலே சில்வர் பெயிண்ட் ஒரு கை, அது காய்ந்ததும் மறு கை. பிறகு சந்தனம், குங்குமம், சூடம். தொட்டிக்குள் அதைத் திரும்ப இறக்கும்போது திருமலைச்சாமி கன்னத்தில் போட்டுக்கொண்டார். யாரிடமும் மூச்சுவிடமாட்டேன் என்று பொன்னுவேல் பழனி முருகன் மேல் சத்தியம் செய்துகொடுத்தான். பக்தியும் அன்பும் ஒரு வேலையில் சேர்ந்தால் இப்படித்தான், நாசம் பண்ணுவதைக்கூடத் திருத்தமாகப் பண்ணுவார்கள்.

தண்ணீர் அந்தக் கட்டியைத் தொடவே முடியாமல் போய்விட்டது. தொட முடியாததைத் தின்ன முடியுமா? அதுவரைக்கும் கட்டியைத் தின்றுகொண்டு சும்மா இருந்த துரு, அன்றிலிருந்து தொட்டிக்குத் திரும்பியது.

பங்குனி கழிந்து சீசனுக்கு முந்தின வாரம் பாப்பம்மாள் வந்து இறங்கினாள். இடுப்பில் சாவி. கையில் வெற்றிலை, பாக்கு, பழம், தேங்காய், பூ வைத்த தாம்பாளம், மகனுக்கு அப்போதே நிச்சயம் செய்துவிட்டுப் போவதற்கு. மகன் மட்டும் வரவில்லை. “தக்காளி விலை ஏறிக்கெடக்கு, அவனுக்குச் சோலி” என்றாள். மதுரையிலிருந்து குமாரவேலும் வந்திருந்தான். எல்லாரும் தொட்டியைச் சுற்றி நின்றார்கள். அவள் பூட்டைத் திறந்து கொடுக்க, பொன்னுவேல் ஏறிக் கட்டியை வெளியே எடுத்தான்.

காலை வெயிலில் கட்டி பளபளவென்று மின்னியது. ஒரு கீறல் இல்லை.

“அடடா! வச்சது வச்ச மாதிரியே இருக்கே!” என்று திருமலைச்சாமி ஆச்சரியப்பட்டார். ஆச்சரியம் தேவைக்கு ரொம்ப அதிகமாகவே இருந்தது.

பாப்பம்மாளின் முகம் விழுந்தது. ஆனால் அவள் மண்டிக்காரி, பேசின பேச்சுப் பேச்சுத்தான். கட்டி கரையாமல் இருந்தால் தோல்வி என்பது அங்கே இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். குமாரவேலுக்கு முகத்தில் ரத்தம் வடிந்துபோனது. தமயந்திக்கும்தான், கரையாத கட்டிக்கு என்ன அர்த்தம் என்று இதே ஏணியடியில்தானே கேட்டிருந்தாள். அவன் ஏறி டார்ச் அடித்துத் தொட்டிக்குள் பார்த்தான். சுவர் முழுக்கச் சிவப்புக் கொப்புளம். சுத்தியலால் லேசாகத் தட்டினான், தகர டப்பா மாதிரி சத்தம் வந்தது.

தமயந்தி ஏணியடிக்கு வந்தாள். “வாயைத் தொறக்காம இறங்குங்க,” என்றாள், உதடு அசையாமல்.

“தொட்டி போச்சு.”

“தெரியுது. நிச்சயத் தட்டை மாத்துற வரைக்கும் நிக்கும்ல?”

“அதெல்லாம் நிக்கும்.”

“அது போதும்.”

அவன் இறங்கினான். பாப்பம்மாள் தாம்பாளத்தை அவன் முன்னால் நீட்டினாள். “சொன்ன சொல்லு சொன்னதுதேன். எங்கிட்டு இருந்தாலும் அவளை நல்லா வச்சுக்க.” குமாரவேல் தட்டை வாங்கினான். தமயந்தியைப் பார்த்தான். அவள் கண்ணாலேயே கையெடுத்துக் கும்பிட்டாள். அவன் பொறுத்துக்கொண்டு நின்ற நேரத்தில் ஒரு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவியிருக்கலாம், அவ்வளவுதான்.

“பெரியம்மா, இது தப்புங்க,” என்றான். “கட்டி கரைஞ்சிருக்கணும். கரையலைன்னா அது வேலை பாக்கலைன்னு அர்த்தம். உள்ள தொட்டி முழுக்கத் துரு. நான் தோத்துட்டேன்.”

தமயந்திக்கு அவனை ஏணியோடு சேர்த்துத் தள்ளிவிட வேண்டும் போல இருந்தது. நானாக இருந்தால் தள்ளியிருப்பேன்.

பாப்பம்மாள் தட்டை வெரசாகத் திரும்ப வாங்கிக்கொண்டாள். குமாரவேல் கட்டியை நகத்தால் சுரண்டினான். சில்வர் தோலாக உரிந்து, உள்ளே பட்டி உதிர்ந்தது. “யாரோ பெயிண்ட் அடிச்சிருக்காங்க!” என்றான், களவு போன வீட்டுக்காரன் மாதிரி.

“யாரோவா?” பாப்பம்மாள் நிமிர்ந்தாள். “பூட்டு என்னுது. சாவி எங்கிட்ட. அப்ப நீதேன் பூட்டுறதுக்கு முன்னாலயே பெயிண்ட் அடிச்சு மாட்டியிருக்கே. யாரை ஏமாத்தப் பாத்தே?”

குமாரவேல் பதில் சொல்லத் திரும்பினான். பொன்னுவேல் மேகத்தை எண்ணிக்கொண்டிருந்தான். மூடியின் கீலில் திருகாணிகளின் தலை தேய்ந்திருந்தது. அப்பால் லாட்ஜின் கேட் இதே சில்வர் நிறத்தில் மின்னியது. அதற்கு இப்பால் திருமலைச்சாமி அக்காவின் முகத்தையே பார்த்தபடி நின்றார். குமாரவேலுக்கு எல்லாம் புரிந்துபோனது. உண்மை நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அவன் அதை விழுங்கினான்.

“ஆமாங்க. நாந்தான் அடிச்சேன்.”

அது பொய் என்று தமயந்திக்குத் தெரியும், அந்தக் கட்டி சாம்பல் நிறத்தில் உள்ளே போனதை அவள் கண்ணால் பார்த்தவள். அவனுக்குப் பொய்யைக்கூட ஒழுங்காகச் சொல்ல வரவில்லை. காது இரண்டும் சிவந்துபோயிருந்தன.

“அவன் இல்லக்கா,” என்றார் திருமலைச்சாமி. குரல் அவருக்கே கேட்கவில்லை. இரண்டாம் தடவை கத்தியே சொன்னார். “அவன் இல்லை! நாந்தேன் அடிச்சேன்! ஆயுத பூசைக்குத் தொறந்தேன், அரிச்சுக் கெடந்துச்சு, பையன் தோத்துருவானேன்னு அடிச்சு வச்சேன்!”

“அவன் தோத்தா ஒனக்கு என்னலே?”

“அவன் வந்தா எம்மக சிரிக்கிறாக்கா. வேற யாரு வந்தும் அவ அப்படிச் சிரிச்சுப் பாத்ததில்லை. அதை ஒங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியலை.”

தன்னை அப்பா தொட்டியோடு தொட்டியாகக் கணக்குப் பண்ணிவிட்டார் என்றுதான் தமயந்தி ஒரு வருஷமாகக் கருவிக்கொண்டிருந்தாள். அந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு, வழுக்குகிற ஏணியில் ஏறி, ஸ்க்ரூ டிரைவரோடு அவர் நின்றதை இப்போது நினைத்துப் பார்த்தாள். அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. சர்க்கரை போடாத காபி ஒவ்வொன்றும் ஞாபகம் வந்தது. போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இதை வாயத் தொறந்து சொல்றதுக்கு என்னடா ஒனக்கு?” என்றாள் பாப்பம்மாள். “ஒரு நல்ல தொட்டிய நாசம் பண்ணிட்டு நிக்கிறியே!” அவள் கண்ணும் கலங்கியிருந்தது. தம்பி தன்னிடம் ஒரு சொல் சொல்ல இத்தனை பயந்திருக்கிறான் என்பது அவளுக்கு வலித்தது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, குமாரவேலை மேலும் கீழுமாக, மூட்டையைப் பார்க்கிற மாதிரியே பார்த்தாள்.

“மண்டியில எத்தனையோ பேரைப் பாத்துட்டேன். எஞ்சரக்குல அழுகல் இருக்குன்னு தானே வந்து சொல்றவனைப் பாத்ததில்லை. அடுத்தவன் அழுகலைத் தன் மூட்டையில போட்டுக்கிறவனைச் சுத்தமாப் பாத்ததில்லை. ஏப்பா, நீ பொழைக்கத் தெரியாதவன். ஒனக்கு எங்க தமயந்தி மாதிரி ஒருத்தி இல்லைன்னா ஊரே ஒன்னைய வித்துத் திண்ணுரும்.” தாம்பாளத்தில் சரிந்திருந்த பூவை ஒழுங்குபண்ணினாள். “எம்மவனுக்கென்ன, தக்காளி வித்து முடிஞ்ச பெறகு அவனுக்கு ஒருத்தியப் பாத்துக்கிறேன். இந்தா, புடி.”

தாம்பாளம் மறுபடியும் அவன் கைக்கு வந்தது. திருமலைச்சாமி மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பொன்னுவேல் மேகத்திலிருந்து இறங்கிவந்தான். குமாரவேல் தட்டைப் பார்த்தான், தேங்காயை எடுத்துக் காதோரம் வைத்து ஒரு ஆட்டு ஆட்டினான். அவன் நெற்றி சுருங்கியது.

“பெரியம்மா, ஒண்ணே ஒண்ணு சொல்லணுங்க. இந்தத் தேங்கா...”

அத்தனை பேர் முன்னாலும் தமயந்தி ஒரு வெற்றிலையைச் சுருட்டி அவன் வாயில் திணித்தாள்.